ஐ.ஆர்.எஸ். தணிக்கை நடக்கும்போது வட்டியை நிறுத்தும் டெபாசிட்: செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் ஒருவரின் வருமான வரிக் கணக்கை அந்நாட்டு வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தணிக்கைக்கு எடுத்துக்கொண்டு, கடைசியில் வரி பாக்கி என்று முடிவு செய்தால், அந்த வரியைக் கட்டியிருக்க வேண்டிய கெடு தேதியிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். 2025-இல் அது ஆண்டுக்கு 7 சதவீதம், அதுவும் தினசரி கூட்டுவட்டி. 20,000 டாலர் பாக்கிக்கு ஓராண்டில் ஏறத்தாழ 1,450 டாலர் ஏறிவிடும். வாதாடும் உரிமையைக் கைவிடாமலே, ஐ.ஆர்.எஸ்.-இடம் ஒரு தொகையை டெபாசிட்டாக வைத்து இந்த வட்டியை நிறுத்த, அமெரிக்க வரிச் சட்டத்தில் 2004-இல் கொண்டுவரப்பட்ட 6603-ஆம் பிரிவு வழிசெய்கிறது. வருமான வரி, நன்கொடை வரி, வாரிசுச் சொத்து வரி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் வரிக்குப் பொருந்தாது.

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். தணிக்கை அறிக்கையுடன் வரும் '30 நாள் கடிதம்' கையில் இருந்தால், அதில் குறிப்பிட்ட கூடுதல் வரியையே அடிப்படையாகக் கொள்ளலாம். வரியை மட்டும் கட்டினால், அதுவரை சேர்ந்துவிட்ட வட்டியின் மீது வட்டி தொடர்ந்து ஏறும் என்பதால், கையில் பணம் இருந்தால் அந்த வட்டியையும் சேர்த்தே கட்டிவிடுவது நல்லது.

அடுத்தது கடிதம். என்னைக் கேட்டால், காசோலையைவிட இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 'இணைத்துள்ள காசோலை 6603-ஆம் பிரிவின்படியான டெபாசிட்' என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, எந்த வகை வரி, எந்த ஆண்டு, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். 30 நாள் கடிதம் வந்திருந்தால் அதன் நகலையும் இணைத்து, உங்கள் கணக்கைத் தணிக்கை செய்யும் அலுவலகத்துக்கே அனுப்புங்கள். டெபாசிட் என்ற குறிப்பு இல்லாமல் போகும் பணத்தை வரி கட்டியதாகவே வரவு வைப்பார்கள். பாக்கி முழுவதும் அப்படித் தீர்ந்துவிட்டால், வரி பாக்கி இருப்பதாக ஐ.ஆர்.எஸ். முறைப்படி அனுப்பும் '90 நாள் அறிவிப்பு' வராது, அந்த அறிவிப்பு இல்லாமல் வரி நீதிமன்றத்தை அணுகவும் முடியாது. டெபாசிட்டாக வைத்த பணத்தால் அந்த வழி அடைபடுவதில்லை.

பணம் திரும்ப வேண்டுமானால் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வரி வசூலே கைநழுவிப்போகும் என்று ஐ.ஆர்.எஸ். கருதும் நிலையைத் தவிர மற்றபடி திருப்பித் தருவார்கள். திரும்பும் தொகையில் சர்ச்சைக்குரிய வரிக்கான பகுதிக்கு மட்டும் அமெரிக்க மத்திய அரசின் குறுகியகால வட்டி வீதத்தில் வட்டி கிடைக்கும். 2025-இல் அது 4 சதவீதம். முன்பு எழுதிய கடிதத்தில் கணக்கு விவரம் தெளிவாக இருந்தால்தான் இந்த வட்டியைச் சிரமமின்றிப் பெற முடியும்.

ஆனால் வழக்கு முடியும் முன்பே பணத்தை எடுத்துவிட்டு, பிறகு தோற்றுப்போனால், எடுத்த தொகைக்கு டெபாசிட்டே வைக்காததுபோல ஆரம்பக் கெடு தேதியிலிருந்து வட்டி போடுவார்கள். எனவே இடையில் செலவுக்குத் தேவைப்படக்கூடிய பணத்தை இதில் போடாதீர்கள்.