ஏசி அலாரம் வந்ததும் ரீசெட்டில் கை வைக்காதீர்கள்

மே மாதம் மதியம் சென்னையில் வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சார், யூனிட் டிரிப் ஆயிடுச்சு, ரீசெட் பண்ணினா கொஞ்ச நேரம் ஓடுது, திரும்ப நின்னுடுது." புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் கேஸ் சிலிண்டரோடு மாடி ஏறிவிடுகிறார்கள். எதையும் பார்க்காமல் கேஸ் ஏற்றுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கிற பெரிய சேதம். ஹைபிரஷரில் நிற்கிற மெஷினில் கேஸ் ஏற்றினால் பிரஷர் இன்னும் ஏறும், கடைசியில் கம்ப்ரஸர் போகும், கடைக்காரருக்குப் பெரிய செலவு. கடை, ஆபீஸ்களில் இருக்கும் டக்டபிள், பேக்கேஜ், விஆர்எஃப் என்ற பெரிய ஏசி மெஷின்களில் அலாரம் வந்தால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, எழுதுவது

டிஸ்ப்ளேயில் என்ன கோடு, எத்தனை மணிக்கு வந்தது, அப்போது இபி கரண்டா ஜெனரேட்டரா, இந்த மூன்றையும் எழுதிய பிறகுதான் ரீசெட். சில போர்டுகளில் மெயினை ஆஃப் செய்தாலே கோடு அழிந்துவிடும், அதனால் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. கோடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டைக்கினில் ஈ3 என்றால் ஹைபிரஷர், ஈ4 என்றால் லோபிரஷர், யு1 ஃபேஸ் வரிசை மாறியது, யு4 இண்டோருக்கும் அவுட்டோருக்கும் பேச்சு அறுந்தது, ஏ3 டிரெய்ன் (இண்டோரிலிருந்து வடியும்) தண்ணீர் ஏறியது. எந்தப் பாதுகாப்பு வேலை செய்தது என்பது வரைக்கும்தான் கோடு சொல்லும். ஏன் செய்தது என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

தொடுவதற்கு முன்னால்

ஐசொலேட்டரை (மெஷினுக்குக் கரண்ட் வரும் மெயின் ஸ்விட்ச்) ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டி, அப்புறம் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று பாருங்கள். இன்வெர்ட்டர் மெஷின் (கம்ப்ரஸர் வேகத்தை போர்டே கூட்டிக் குறைக்கும் வகை) என்றால் இது போதாது. மூன்று ஃபேஸ் மெஷினின் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 500 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். மேனுவலில் சொன்ன நேரம், பெரும்பாலும் 10 நிமிஷம், காத்திருந்து, டிசி வோல்ட் 50க்குக் கீழே இறங்கியதா என்று அளந்துதான் கை வைக்க வேண்டும். இதில் அவசரம் காட்டாதீர்கள், தயவுசெய்து.

கண்ணால் பார்க்கும் வேலை

ஹைபிரஷருக்கான காரணம் பெரும்பாலும் கேஜ் (பிரஷர் அளக்கும் மீட்டர்) மாட்டாமலே தெரிந்துவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் அவுட்டோர் காயிலின் ஃபின்களை (மெல்லிய அலுமினியத் தகடுகள்) விரலால் தொட்டுப் பாருங்கள்: வெள்ளையாகப் பொடி ஒட்டும், கொஞ்சம் அழுத்தினால் ஃபின் அப்படியே உதிரும். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காயிலைக் கழுவினாலும் பழைய குளிர்ச்சி வராது, மாற்றத்தான் வேண்டும். மற்ற இடங்களில் தூசியும் பஞ்சும்தான். தண்ணீர் அடித்தால் போய்விடும், அழுக்கு வந்த திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும், ஃபின் மடங்காத வேகத்தில்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மெஷின் தினமும் மதியம் நின்றது, காலையில் நன்றாக ஓடும். காயில் சுத்தம், ஃபேன் ஓடுகிறது, கேஸும் சரி. மொட்டைமாடியில் மெஷினைச் சுற்றி யாரோ வெயில் படாமல் இருக்க ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். வெளியே 38 டிகிரி. தெர்மாமீட்டரைக் காயிலுக்கு முன்னால் பிடித்தால் 49. தான் வெளியே விட்ட சூட்டையே மெஷின் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பேனரை அவிழ்த்ததும் பிரஷர் இறங்கிவிட்டது. அதனால் வெளிக்காற்றின் சூட்டையும், காயிலுக்குள் போகும் காற்றின் சூட்டையும் தனித்தனியாக அளக்கப் பழகுங்கள்.

அடுத்தது கரண்ட்

மூன்று ஃபேஸ்களுக்கு நடுவே உள்ள வோல்ட்டை ஓடும்போது அளந்து குறியுங்கள். 415, 410, 400 என்று வந்தால் சராசரி 408, அதிலிருந்து அதிகம் விலகியது 8, ஏறக்குறைய 2 சதவீதம். அதைத் தாண்டினால் மோட்டார் சூடாக ஆரம்பிக்கும், ஓவர்லோடு தட்டும். காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை விடும் ஸ்விட்ச்) பாயிண்ட் கருகியிருக்கிறதா, டெர்மினல் ஸ்க்ரூ லூசா என்பதையும் கரண்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இபியில் நன்றாக ஓடி, ஜெனரேட்டருக்கு மாறியதும் ஃபேஸ் அலாரம் வந்தால், ஜெனரேட்டர் பக்க வரிசைதான் தப்பு. அங்கேயே இரண்டு ஒயரை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றச் சொல்லுங்கள். ஏசி பக்கம் மாற்றினால் இபி வந்ததும் அதே அலாரம் வரும். இந்த அலாரத்தைத் தரும் ஃபேஸ் ரிலேயை பைபாஸ் செய்துவிட்டால் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றும், கடகடவென்று சத்தம் வரும், பிரஷர் ஏறாது, சீக்கிரம் போய்விடும்.

கேஜ் கடைசியில்தான்

ஆர்-410ஏ கேஸ் மெஷின், வெளியே 38 டிகிரி என்றால் ஹைசைடு (கம்ப்ரஸர் கேஸை அழுத்தி வெளியே விடும் பக்கம்) 430 முதல் 480 பிஎஸ்ஐ வரை இருப்பது சகஜம். 600ஐ ஒட்டி ஹைபிரஷர் ஸ்விட்ச் கட் ஆகும். காயில், ஃபேன், காற்றோட்டம் எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் ஏறினால், கேஸ் அதிகமா அல்லது லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். பம்ப் டவுன் செய்து (கேஸை அவுட்டோருக்குள் அடைத்து), அவுட்டோர் ஃபேனை மட்டும் ஓடவிட்டுக் காயில் வெளிச்சூட்டுக்கு வந்ததும் பாருங்கள்: 35 டிகிரியில் 295 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும். அதற்கு நல்ல அளவு மேலே நின்றால் காற்று கலந்திருக்கிறது. கேஸை ரிக்கவரி செய்து (சிலிண்டரில் திரும்ப எடுத்து), வேக்கம் போட்டு (லைனில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), புதிதாக ஏற்றுவதுதான் வழி.

லோபிரஷர் என்றால் உடனே கேஸ் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபில்டர் அடைத்தாலும், புளோயர் பெல்ட் தளர்ந்தாலும், காயிலில் ஐஸ் கட்டினாலும் இதே அலாரம்தான். காற்று சரியாக இருந்து, சக்‌ஷன் பைப் (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பைப்) கைக்கு வெதுவெதுப்பாகவும் சூப்பர்ஹீட் (அந்த கேஸ் தன் கொதிநிலையைத் தாண்டி ஏறிய டிகிரி) அதிகமாகவும் இருந்தால்தான் கேஸ் குறைந்திருக்கலாம் என்று போக வேண்டும். அப்போதும் ஏற்றுவதற்கு முன்னால் லீக்கைத் தேடுங்கள். ஃப்ளேர் நட்டிலும் பிரேசிங் மூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே சோப்பு நுரை போடுங்கள். பிரஷர் ஏற்றிப் பார்க்க நைட்ரஜன் மட்டும். ஆக்சிஜன் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், ஆள் போய்விடும்.

டிரெய்ன் அலாரம் எளிது, டிரேயில் பாசி, பைப்பில் அடைப்பு, இல்லையென்றால் பம்ப் ஓடவில்லை. பேச்சு அறுந்த அலாரத்துக்கு, கண்ட்ரோல் ஒயர் பவர் கேபிளோடு ஒட்டி ஓடுகிறதா, நடுவில் ஜாயிண்ட் போட்டிருக்கிறார்களா, ஏதாவது ஒரு இண்டோரின் எம்சிபி ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி செய்தபிறகு சைட்டை விட்டுக் கிளம்ப அவசரப்படாதீர்கள். காலையில் சரி செய்திருந்தால் மதியச் சூட்டில் ஒரு தடவை ஓடவிட்டு, ஹைசைடு, லோசைடு பிரஷர், மூன்று ஃபேஸ் ஆம்பியர், காயிலுக்குள் போகும் காற்றின் சூடு, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.