ஆங்கிலம் வராத பிள்ளையும் நாங்கள் செய்யும் தவறுகளும்

நியூ ஜெர்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். வேறு நாடுகளிலிருந்து வந்து ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளோடுதான் வேலை. ஆசிரியர்கள் நல்லவர்கள்தான்; தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் வருகின்றன.

முதல் தவறு வருகைப் பதிவேட்டிலேயே தொடங்கிவிடும். நம்மவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் போய் உட்காரும். சில சமயம் முன்னே பின்னே மாறியும் விடும். அப்படி ஒரு பையனை இரண்டு நாள் 'முருகேசன்' என்று அவன் அப்பா பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாவம், அவனும் எழுந்து 'யெஸ் மிஸ்' என்றான். இதுதானே உன் பெயர் என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வான். வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, மௌனத்தைப் பார்த்துப் பதறுவது. புது மொழிக்குள் வந்த பிள்ளை சில வாரம், சில சமயம் பல மாதம்கூட வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது இயல்பு. பேச்சு வராததைப் புத்தி இல்லாததாக எடுத்துக்கொள்வதுதான் மோசம். மூன்றாம் வகுப்பில் மதுரையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஆரஞ்சுப் பழங்களைக் கூடைகளில் பங்கிடும் கணக்கு. தாளை வெள்ளையாகவே திருப்பித் தந்தாள். ஒன்றாம் வகுப்புக் கணக்கு கொடுத்துப் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்தது. நான் தாளின் ஓரத்தில் 96 ÷ 8 என்று எழுதி, எட்டுக் கூடை வரைந்தேன். அவள் உதடு மட்டும் எட்டாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தது. 12 என்று எழுதிவிட்டு, இது கூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள்.

"எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன்" என்பார்கள் சிலர். சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட லா எதிர் நிக்கல்ஸ் வழக்கில், ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் ஒரே பாடத்திட்டமும் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. விளையாட்டு மைதானத்தில் பையன் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறான், இனி உதவி எதற்கு என்று நிறுத்திவிடுவார்கள். டொராண்டோவில் பணியாற்றிய மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதை விளக்கியிருக்கிறார்: அரட்டை ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்துக்கான ஆங்கிலத்துக்கு ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும்.

p, b என்று இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி எழுதினால் உடனே கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டவும் வேண்டாம். நமக்கு 'பல்'லுக்கும் 'பஸ்'ஸுக்கும் ஒரே 'ப'தானே! அப்படி எழுதிப் பழகிய கை அது.

பெற்றோரிடம் "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று சொல்வதை நான் கடுமையாக எதிர்ப்பேன். நம் ஆட்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவதில் முன்னால் நிற்பார்கள். தட்டுத் தடுமாறி நாலு வாக்கியம் பேசும் அம்மாவிடம், நாற்பது விஷயம் சொல்ல வரும் பிள்ளை என்னதான் பேசும்? பெற்றோர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதும் கூடாது. "கவனம் போதவில்லை" என்று மிஸ் சொன்னது வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்லவே வேண்டாம்.

அப்புறம் தீபாவளி. இந்தியப் பிள்ளை என்றாலே எழுப்பிவிட்டு அதைப் பற்றிச் சொல் என்பார்கள். ஒருமுறை அப்படி எழுந்து நின்றவள் தூத்துக்குடிக் கிறிஸ்தவப் பெண்.

மதுரைப் பெண் நவம்பரில்தான் வாய் திறந்தாள். "மிஸ், ரப்பர்?" இங்கே பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு ஆணுறை என்று பொருள். வகுப்பாசிரியை சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "இதோ, இரேசர்" என்று எடுத்து நீட்டினார். அடுத்த வாரம் பக்கத்துப் பையனிடம் அவளே "இரேசர் குடு" என்று தமிழும் ஆங்கிலமுமாகக் கேட்டாள். அவனும் கொடுத்தான்.