மொட்டை மாடி பவர் ஹவுஸ்: சாவி யார் கையில்?

வடசென்னைக்காரர்களுக்கு மின் நிலையத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்ணூர் சாம்பல், அத்திப்பட்டுப் புகைபோக்கி, பேசின் பிரிட்ஜ் காஸ் டர்பைன் எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். அவற்றுக்கு மதிலும் கேட்டும் காவலும் உண்டு. இப்போது தண்டையார்பேட்டை, பெரம்பூர் மொட்டை மாடிகளில் சோலார் ஏறிவிட்டது. இதற்குக் கேட் என்றால் ஒரு பாஸ்வேர்ட்தான். நான் எட்டிப் பார்த்த சில வீடுகளில் அது 12345678.

நான் சொல்வது கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் பேட்டரி இன்வெர்ட்டரை அல்ல. பேனலில் வருவதை வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரமாக மாற்றி இ.பி. லைனோடு சேர்க்கிற சோலார் இன்வெர்ட்டரை. அதில் செருகியிருக்கும் டாங்கிள் என்ற சின்னக் கருவி உங்கள் வைஃபை வழியாகக் கம்பெனி சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு எத்தனை யூனிட் என்று ஆப்பில் தெரிவது அதனால்தான். பல மாடல்களில் அதே வழியாக இன்வெர்ட்டரை நிறுத்தவும் முடியும்.

‘என் வீட்டு 3 கிலோவாட்டை ஹேக் பண்ணி எவனுக்கு என்ன லாபம்?’ என்று கேட்பதுதான் பெரிய தவறு. பேசின் பிரிட்ஜ் நிலையத்தின் திறன் 120 மெகாவாட். உங்களுடையதைப் போல 40,000 வீடுகள் சேர்ந்தால் அதே அளவு. அத்தனையும் ஒரே சர்வரில் இருந்து, யாரோ நடுப்பகலில் மொத்தமாக அணைத்தால், ஒரு நிலையமே டிரிப் ஆனதற்குச் சமம். 120 மெகாவாட்டை நம் கிரிட், அதாவது எல்லா நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின் வலை, தாங்கிக்கொள்ளும். ஆனால் 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடு. வீட்டுக்கு 3 என்று போட்டால் 30,000 மெகாவாட். அது திடீரென்று போனால், கிரிட் சீராக ஓடக் காக்க வேண்டிய 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் எங்கே நிற்கும்? சர்வர் பக்கம் ஓட்டை இல்லையென்றும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் ஃபோர்ஸ்கவுட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூன்று பெரிய சோலார் கம்பெனிகளின் தயாரிப்புகளில் 46 புதிய ஓட்டைகளை வெளியிட்டார்கள். கரண்டை விடுங்கள், 2024-ல் ஜப்பானில் சுமார் 800 சோலார் கண்காணிப்புக் கருவிகளுக்குள் நுழைந்தவர்கள் அவற்றை வங்கிப் பணத் திருட்டுக்குத்தான் பயன்படுத்தினார்கள்.

அடுத்த தவறை நானே செய்தேன். மாட்டிக் கொடுத்த பையன் தன் போன் நம்பரிலேயே ஆப் கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ‘சரி தம்பி’ என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து அவன் வேலையை விட்டுப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது: என் மாடியின் உரிமையாளர் அவன், நான் வெறும் பார்வையாளன். அதனால் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே உங்கள் நம்பரில், உங்கள் மெயிலில் கணக்கை மாற்றி வாங்குங்கள். பாஸ்வேர்டையும் டாங்கிளின் சொந்த ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டையும் நீங்களே மாற்றுங்கள். சர்வீஸ் ஆளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும். பணம் கைமாறிய பிறகு கேட்டால் ‘நாளைக்கு வரேன் சார்’ என்றுதான் பதில் வரும்.

புது சோலாரை ஸ்டேட்டஸில் போடுவதில் தப்பில்லை. டாங்கிள் ஸ்டிக்கர் மட்டும் படத்தில் வேண்டாம். சில ஆப்களில் சீரியல் நம்பரும் க்யூஆர் கோடும் இருந்தாலே கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். டாங்கிள் உங்கள் போன், கம்ப்யூட்டரோடு ஒட்டாமல் தனியாக இருக்க, அதை ரூட்டரின் கெஸ்ட் வைஃபையில் போடுங்கள்.

காசிமேடு ஐஸ் ஃபேக்டரி, திருவொற்றியூர் குடோன் என்று பெரிய அளவில் மாட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இன்வெர்ட்டர்கள் பேசும் மோட்பஸ் மொழி 1979-ல் பிறந்தது. அதற்குப் பாஸ்வேர்ட் என்ற பேச்சே தெரியாது. அதைப் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் சொருகுவதும், வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரூட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து வைப்பதும் கூடாது.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். 2019 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் காற்றாலை, சோலார் நிலையங்கள் கட்டுப்பாட்டு அறையின் கண்ணிலிருந்து விட்டுவிட்டு மறைந்தன. காரணம், நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலை அப்டேட் செய்யாததுதான். திருத்தம் ஏற்கெனவே வந்திருந்தது, போடவில்லை, அவ்வளவுதான். உங்கள் இன்வெர்ட்டருக்கான அப்டேட்டை வெயில் இறங்கிய பிறகு போட்டால் உற்பத்தியும் கெடாது.

ஆப்பில் நீங்கள் தொடாத செட்டிங் மாறியிருந்தால் ரீசெட் பட்டனுக்குப் பாயாமல் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் டாங்கிளைக் கழற்றிவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள். கழற்றினாலும் பொதுவாக இன்வெர்ட்டர் ஓடும், இ.பி.க்குப் போவதையும் வருவதையும் கணக்கிடும் நெட் மீட்டரும் எண்ணும். ஆப்பில் மட்டும் கணக்கு தெரியாது.