கிணற்று நீரில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நிரம்பியதும் ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி மேலிருந்து தூவிவிட்டு, நீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அளவு குறைந்தால் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். மிகுந்தால் நீரை வாயில் வைக்க முடியாது. ஆகவே அளந்துதான் போட வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் சலவைத்தூள் என்று படித்த பொருள்தான் இது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1799-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, துணி வெளுப்பதற்கே இது பயன்பட்டது. உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பின் மீது குளோரின் வாயுவைச் செலுத்தி இதைச் செய்கிறார்கள். நீரில் கலந்ததும் இதிலுள்ள ஹைப்போகுளோரைட்டிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகி, பாக்டீரியாவின் செல்சுவரைக் கடந்து சென்று, உள்ளிருக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. சேறும் இலைச்சருகும் இதே அமிலத்தைத் தின்றுவிடும் என்பதால், கலங்கிய கிணற்றில் எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. முதலில் நீரை இறைத்துவிட்டு, ஊறிவரும் நீர் தெளியும்வரை காத்திருங்கள்.

அடுத்து, நீரின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கி எடுத்தால், நனைந்த பகுதியின் நீளமே நீரின் ஆழம். வட்டக் கிணற்றின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, ஆழத்தாலும் 0.785-ஆலும் பெருக்கினால் கன மீட்டரில் விடை கிடைக்கும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் ஆழமும் இருந்தால் சுமார் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர் நீர். தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவாகையால், இந்தக் கிணற்றுக்கு 70 கிராம் போதும்.

இந்தக் கணக்கு 33 விழுக்காடு குளோரின் தரக்கூடிய புதிய தூளுக்கு உரியது. பொட்டலத்தில் 25 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால், 70-ஐ 33-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்து, ஏறக்குறைய 92 கிராம் எடுங்கள். வெயிலும் ஈரக்காற்றும் பட்ட தூள் குளோரினை இழந்து வெறும் சுண்ணாம்பாகிக்கொண்டே வரும். ஆதலால் கட்டிதட்டிப்போன பழைய மூட்டையை நம்பாமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டில் வைத்திருந்த தூளையே பயன்படுத்துங்கள்.

மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, கையுறை அணிந்து, திறந்தவெளியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தூளைப் போட்டு, சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். பிறகு வாளியின் முக்கால் பாகம்வரை நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது கிணற்றில் விழுந்தால் நீரின் கடினத்தன்மை கூடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறொரு வாளியில் வடித்து, அதைக் கயிற்றில் கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக ஆட்டி, கிணறு முழுவதும் கலக்கச் செய்யுங்கள். மிகவும் முக்கியமான இந்த வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் நீர் எடுக்கக் கூடாது. இரவில் கலந்துவிட்டுக் காலையில் பயன்படுத்துவது இன்னும் வசதி.

மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டுடன் மட்டும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். உடனே குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்தாகும்.

கடைசியாகச் சோதனை. ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியைப் பராமரிப்பவர்கள் பயன்படுத்தும், நீரில் எஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கருவியில் கிணற்று நீரை எடுத்து, குளோரின் இருப்பதை நிறத்தால் காட்டும் ஆர்த்தோடோலிடின் சொட்டுகளை விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். பத்து விநாடிக்குள் அதை நிற அட்டையோடு ஒப்பிட்டு, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் நீரைக் குடிக்கலாம். சோதித்த நீரை மட்டும் கொட்டிவிடுங்கள். நிறமே வராவிட்டால் தூள் வீரியம் இழந்திருக்கும், அல்லது நீரின் அழுக்கு குளோரின் முழுவதையும் தின்றிருக்கும். புதிய தூளைக் கொண்டு மீண்டும் கலந்து, இன்னும் ஒரு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள்.