ஆய்வு மென்பொருள் எழுத உதவித்தொகை: கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்கும் முறை

மூலநிரலை எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல ஆய்வு மென்பொருளில் பணியாற்ற விரும்பும் மாணவருக்கு, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலேயே எட்டக்கூடிய உதவித்தொகைகளுள் ஒன்று, 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். பணிகள் 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவுகளில் அமைகின்றன. தொகை, நாட்டுக்கு நாடு விலைவாசியைப் பொறுத்து மாறும். இடைக்கால மதிப்பீட்டில் தேறினால் 45 விழுக்காடும், இறுதி மதிப்பீட்டில் தேறினால் மீதி 55 விழுக்காடும் கிடைக்கும். பணம் கூகுளுடையது என்றாலும், உங்கள் முன்மொழிவைப் படித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தந்த மென்பொருள் திட்டத்தின் வழிகாட்டிகளே.

பிப்ரவரி வாக்கில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வெளியாகும். அதில் பெயர் பெற்ற திட்டத்தைத் தேடுவதைவிட, ஆய்வகத்திலோ வகுப்பிலோ நீங்களே பயன்படுத்தி, ஓரிடத்தில் சலித்துப்போன திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தச் சலிப்புக்குக் காரணம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மற்ற விண்ணப்பதாரர் பலருக்குத் தெரியாது.

முன்மொழிவை எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலைதான் பெரிது. எண்களோடு x, y போன்ற குறியீடுகளையும் வைத்துக் கணக்கிடும், பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட கணித நூலகமான சிம்பையை (SymPy) எடுத்துக்கொள்வோம். அங்கே விண்ணப்பிப்பவர் ஒரு திருத்தத்தையாவது அனுப்பி, அது மூலநிரலில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதன் மூலநிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில், எளிதில் சரிசெய்யக்கூடியவை எனக் குறிக்கப்பட்ட வழுக்களுள் (நிரல் பிழைகளுள்) தவறான விடை தரும் ஒன்றை எடுத்து, அந்த விடையை உங்கள் கணினியில் வரவழைத்துப் பாருங்கள். பிறகு, சரியான விடை வருகிறதா என்று தானே பார்க்கும், இன்றைய நிரலில் தோற்கும் ஒரு சோதனை நிரலை எழுதுங்கள். நிரலில் கைவைப்பது அதன் பிறகுதான். திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையை (புல் ரிக்வெஸ்ட்) அனுப்பியதும் பாராட்டு வராது, பெரும்பாலும் "இந்த நிலையில் என்ன ஆகும்?" என்ற கேள்விதான் வரும். அதற்கு நீங்கள் பொறுமையாகவும் துல்லியமாகவும் எழுதும் பதில்களை வழிகாட்டிகள் கவனிக்கிறார்கள். என் கணிப்பில், முன்மொழிவின் அலங்காரத்தைவிட அவற்றுக்கே எடை அதிகம்.

முன்மொழிவில் "வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதியை மேம்படுத்துவேன்" என்று எழுதினால், அது நிறைவேறியதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. எந்த வடிவச் சமன்பாட்டைக் கொடுத்தால் இன்று பிழைச்செய்தி வருகிறது, அதைத் தீர்க்க எந்த வழிமுறையைக் கையாளப் போகிறீர்கள், எந்த வாரத்தில் அது இயங்கும், விடை சரி என்பதை எப்படிக் காட்டுவீர்கள் என்று எழுதுங்கள். கிடைத்த தீர்வை மூலச் சமன்பாட்டிலேயே இட்டு, இருபுறமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் செயற்கூறு சிம்பையில் ஏற்கெனவே உண்டு. அதைக் குறிப்பிட்டாலே, நீங்கள் மூலநிரலைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கால அட்டவணையில்தான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். வழக்கமான பணிக்காலம் பன்னிரண்டு வாரம். நான் முதலில் எழுதிய அட்டவணையில் ஆவணங்களுக்கும் சோதனைகளுக்கும் கடைசி வாரத்தை ஒதுக்கியிருந்தேன். படித்த நண்பர், "அந்த வாரம் வரவே வராது" என்றார். அவற்றை ஒவ்வொரு வாரத்தின் வேலையோடும் சேர்த்துவிடுங்கள்; மறுஆய்வுக்குக் காத்திருக்கும் நாட்களுக்கும் இடம் விடுங்கள். பருவத் தேர்வு குறுக்கிட்டால் தேதியோடு சொல்லிவிடுவதே மேல்.

மூன்று முன்மொழிவுகள் வரை அனுப்பலாம் என்றாலும், ஒன்றை ஒழுங்காக எழுதவே நேரம் போதாது. வரைவைக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது வழிகாட்டிகளிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். பி.டி.எஃப். கோப்பை முன்கூட்டியே ஏற்றிவிட்டால், கெடு முடியும்வரை திருத்திய கோப்பை மாற்றி ஏற்றலாம். கெடு வழக்கமாக உலகப் பொது நேரம் 18:00 மணி, அதாவது இந்திய நேரம் இரவு 11:30. நள்ளிரவுவரை நேரம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.