புதுத்துணி வாடை போக

தீபாவளிக்குச் சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய சட்டையைப் பிரித்ததும் மருந்து நெடி மூக்கைத் துளைக்கிறதா? அதை அப்படியே குழந்தைக்கு அணிவித்துவிடாதீர்கள். சுருக்கம் விழாமலிருக்கத் துணியில் ஏற்றும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கசிவதும் அந்த நெடிக்கு ஒரு காரணம். சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் அது உண்டாக்கும். நல்லவேளையாக, அது தண்ணீரில் கரையக்கூடியது.

பருத்தித் துணி என்றால், அரை வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை வெள்ளை வினிகர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு வழக்கம்போல் சோப்புத்தூளில் துவையுங்கள். வினிகர் வாடை உலரும்போதே போய்விடும். சாயம் போகுமோ என்ற ஐயமிருந்தால் ஓரத்தை நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வினிகரோடு குளோரின் பிளீச்சை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

வாடை இன்னும் விடவில்லையா? மறுமுறை வாளிக்கு அரைக் கோப்பை சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்து அலசுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. பட்டுப்புடவையை நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் விரித்துப் போட்டாலே போதும்.

உலர்த்துவதில்தான் நம் ஊரில் பலர் கோட்டை விடுகிறோம். இந்த ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த துணி, பழைய நெடி போய்ப் புது வாடை பிடித்துக்கொள்ளும். மழை நாளில் வீட்டுக்குள் மின்விசிறியடியில் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே அலமாரியில் வையுங்கள்.