பதினெட்டு தாண்டிய பிள்ளைக்கு ஆபரேஷன்: கையெழுத்து யாருடையது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பங்கள் பெரிய சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் போவது வழக்கம். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், அங்கே பெற்றவர்கள் போடும் கையெழுத்துக்குச் சட்டப்படி தானாக வலு வந்துவிடாது. ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே இதைக் கவனியுங்கள்.

முதலில் பிள்ளையிடமே கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி அவர்களுக்கும் உண்டு என்கிறது. "சரிதானே?" என்று கேட்காதீர்கள்; பழக்கதோஷத்தில் "ஆமா" என்று பலர் தலையாட்டிவிடுவார்கள். மயக்க மருந்து மாஸ்க்கைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள், படம் வரையுங்கள். "நாளைக்கு என்ன செய்யப் போறாங்க? எங்க வலிக்கும்?" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மறுநாளும் அதே பதில் வருகிறதா பாருங்கள். டாக்டர் மலையாளத்தில் பேசினால், வீட்டில் பேசும் தமிழில் நீங்கள் சொல்லுங்கள்.

அப்படியும் புரியவில்லை என்றால்தான், பிள்ளையின் சார்பில் சட்டப்படி கையெழுத்துப் போடும் காப்பாளர் தேவை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை வரும். கலெக்டர் தலைமையிலான லோக்கல் லெவல் கமிட்டியிடம் 'ஏ' படிவத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில் இருந்தாலும், பிள்ளை வசிப்பது பாலக்காடு மாவட்டம் என்றால் மனு பாலக்காட்டுக்குத்தான். இங்கே தவறினால் அலைச்சலும் நாளும் வீண். என்னென்ன காரியத்துக்குக் காப்பாளர் தேவை என்பதையும் கமிட்டி பார்க்கும். மனுவில் 'மருத்துவச் சம்மதம்' என்று தெளிவாக எழுதுங்கள். உத்தரவு மலையாளத்தில் வந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவரைத் தன் பிரதிநிதியாக நியமித்து எழுதிய பத்திரம் இதற்கு உதவாது. அந்தச் சட்டம் சொல்லும் மனநோயில் அறிவுசார் குறைபாடு சேராது.

காப்பாளரானாலும் எல்லாவற்றுக்கும் சம்மதம் தர முடியாது. மாதவிடாயைச் சமாளிக்கக் கஷ்டமாக இருக்கிறது, கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைப்பேறு இல்லாமல் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அவளுடைய சம்மதமே வேண்டும் என்கிறது 2016 சட்டம். லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணின் கருவை அவள் விருப்பத்துக்கு எதிராகக் கலைக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் எந்தக் காகிதத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். சம்மதம் வாங்க நேரமில்லாதபோது உயிர்காக்கும் சிகிச்சையை டாக்டர் செய்யலாம்.

கையெழுத்துப் போடும்போது வெற்றிடம் உள்ள படிவத்தில் போடாதீர்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்பது 2008இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மயக்க மருந்துக்கான படிவத்தையும் தனியாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.